சீரம் ஏற்றும் முன் ஒரு கையெழுத்து: வாசகர் கேள்வி – பதில்

நல்ல எண்ணத்தோடு தொடங்கி நாசத்தில் முடிகிற ஆராய்ச்சிகள் சூப்பர் ஹீரோ கதைகளில் ஏராளம். அவற்றின் நியாய அநியாயம் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: ஸ்பைடர்மேன் கதையில் லிசர்டாக, அதாவது பல்லி மனிதனாக, மாறும் டாக்டர் கர்ட் கானர்ஸ், இழந்த கையை வளர்க்கும் மருந்தைத் தன் உடம்பிலேயேதான் குத்திக்கொள்கிறார். அடுத்தவர் யாரையும் பலி கொடுக்கவில்லை. இதில் என்ன தப்பு?

ப: துணிச்சல் என்று தாராளமாகச் சொல்லலாம். நல்ல சோதனை என்று சொல்ல முடியாது.

தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறவர்களுக்கு மருத்துவ உலகில் மரியாதை உண்டு. மனிதரிடம் சோதனை நடத்துவதற்கான விதிகளாக 1947-ல் வந்த நியூரம்பர்க் நெறிமுறையின் ஐந்தாவது விதி, சாவோ நிரந்தர ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே நினைக்கக் காரணம் இருந்தால் அந்தச் சோதனையில் இறங்கக் கூடாது என்கிறது. சோதிக்கும் மருத்துவர்களே சோதனைக்கும் உட்பட்டால் ஒருவேளை விலக்கு தரலாம் என்று கூடவே ஒரு வாக்கியமும் இருக்கிறது. கானர்ஸ் மாதிரி ஆட்கள் நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான்.

ஆனால் அதிலும் முறை உண்டு. 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வளர்த்த கரைசலை எடுத்துக் குடித்தார். இரைப்பை அழற்சிக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று காட்டுவதற்காக. நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டுவிட்டு அவரும் குடிக்கவில்லை. ஆனால் குடிப்பதற்கு முன்பே எண்டோஸ்கோபி செய்து தன் இரைப்பை நன்றாக இருப்பதைப் பதிவு செய்துகொண்டார். நோய் வந்தபின் மறுபடி எண்டோஸ்கோபி செய்து, திசு எடுத்துச் சோதித்தார்கள். கிருமியை ஒழிக்கும் மருந்தும் தயாராக இருந்தது. 2005-ல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

கானர்ஸிடம் முறிமருந்து கிடையாது. பக்கத்தில் கவனிக்க ஆள் கிடையாது. வெளியே போக முடியாதபடி பூட்டிய அறையும் கிடையாது. இவற்றைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அந்த மருந்து மூளையைத் தொடுகிறது. சோதனையை நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியதும் அதே மூளைதான். பல்லி புத்தி ஏறியபின் 'எனக்கு ஒன்றுமில்லை, நான் முன்னைவிட நன்றாக இருக்கிறேன்' என்று அவர் எழுதிவைக்கும் குறிப்புக்கு என்ன மதிப்பு? அப்புறம் அவர் ஊருக்குள் இறங்கி அட்டகாசம் செய்யும்போது 'அடுத்தவரைப் பலி கொடுக்கவில்லை' என்ற வாதமும் போய்விடுகிறது.

2012-ல் வந்த படத்தில் அவர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி என்று பொய் சொல்லி இந்த மருந்தை முன்னாள் படைவீரர்களுக்குப் போடப்போவதாக நிறுவன அதிகாரி மிரட்டுகிறார். அந்த இடத்தில் கானர்ஸ் தேட வேண்டியது சிரிஞ்சை அல்ல, போலீஸ் ஸ்டேஷனை.

கே: எலிக்கு வேலை செய்த மருந்தை மனிதருக்கு எவ்வளவு கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கதைகளில் எப்போதும் ஒரு முழு குப்பியைக் காலி செய்கிறார்களே!

ப: அந்த முழு குப்பிதான் பெரும்பாலான கதைகளின் முதல் குற்றம்.

எலி வகை ஒன்று, எலி அல்லாத பெரிய விலங்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு இனங்களில் நச்சுத்தன்மை பார்ப்பது வழக்கம். எந்த அளவுவரை பாதகம் எதுவும் தெரியவில்லையோ அதைக் குறித்துக்கொள்வார்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை பிரச்சினை இல்லை என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதருக்கு 3,000 மில்லிகிராம் என்று பெருக்கிவிடக் கூடாது. சிறிய உடம்பில் மருந்து வேகமாகக் கழிந்துவிடும் என்பதால் உடற்பரப்பை வைத்துக் கணக்கிட வேண்டும். சுண்டெலி அளவை 12.3-ஆல் வகுத்தால் மனித அளவு வரும், எலிக்கு 6.2, நாய்க்கு 1.8. ஆக 50-ஐ 12.3-ஆல் வகுக்க, கிலோவுக்குச் சுமார் 4 மில்லிகிராம். அதையும் பாதுகாப்புக்காகப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டும்: 0.4. நம் 60 கிலோ ஆளுக்கு முதல் டோஸ் வெறும் 24 மில்லிகிராம். 3,000 எங்கே, 24 எங்கே! இந்த டோஸில் கை வளராது, தசை புடைக்காது, கதாநாயகன் கொட்டாவி விடுவான். முதல் கட்டத்தின் நோக்கமே மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது அல்ல, ஆளுக்கு ஆபத்து வருகிறதா என்று பார்ப்பதுதான்.

இவ்வளவு பார்த்தும் தவறு நடக்கும். 2006-ல் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். ஆரோக்கியமான 8 பேர். 6 பேருக்கு மருந்து, 2 பேருக்கு வெறும் கரைசல். டோஸ் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குரங்குகள் தாங்கியதில் 500-ல் ஒரு பங்கு. அனுமதி வாங்கியிருந்தார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விட்ட நேரம் சுமார் 10 நிமிடம். முதல் ஆளுக்குத் தலைவலியும் நடுக்கமும் தொடங்கச் சுமார் ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குள் கடைசி ஆள் வரைக்கும் ஏற்றி முடித்தாகிவிட்டது. ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். எல்லோரும் பிழைத்தது பெரிய காரியம்.

காரணம் பிறகு தெரிந்தது. அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் புரதம் மனிதரின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களில் ஒரு வகையில் உண்டு. சோதித்த குரங்கின் அதே வகை செல்களில் இல்லை. குரங்கு தாங்கியதற்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்கள் உறுதியாயின. இந்த வகை மருந்தில் 'பாதகம் தெரியாத அளவு' என்பதிலிருந்து கணக்கைத் தொடங்காமல், 'ஏதாவது ஒரு விளைவு தெரியத் தொடங்கும் மிகச் சிறிய அளவு' என்பதிலிருந்து தொடங்குவது ஒன்று. முதலில் ஒரே ஒருவருக்குக் கொடுத்துப் பொதுவாக ஒரு நாளாவது பொறுத்துப் பார்ப்பது இன்னொன்று. ஒரே ராத்திரியில் ஒரு படையையே உருவாக்கும் விஞ்ஞானியைக் கதையில் பார்த்தால் இந்தப் பத்து நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: கேப்டன் அமெரிக்கா முதல் படத்தில், பலம் தரும் சீரத்தை உடம்பில் ஏற்றும் இயந்திரத்துக்குள் ஸ்டீவ் ரோஜர்ஸ் அலறுகிறார். சீரத்தைக் கண்டுபிடித்த டாக்டர் எர்ஸ்கின் நிறுத்தச் சொல்கிறார். ஸ்டீவோ "வேண்டாம், என்னால் முடியும்" என்று கத்துகிறார். யார் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும்?

ப: எர்ஸ்கின் சொன்னதை. 2011-ல் வந்த அந்தப் படத்தின் மிக முக்கியமான காட்சி இதுதான் என்பது எங்கள் கட்சி.

நியூரம்பர்க் நெறிமுறையின் ஒன்பதாவது விதி, தாங்க முடியவில்லை என்றால் வெளியேறும் உரிமையைச் சோதனைக்கு உட்படுபவருக்குத் தருகிறது. பத்தாவது விதி, ஆபத்து தெரிந்தால் நிறுத்தும் கடமையை விஞ்ஞானியின் தலையில் வைக்கிறது. இரண்டுமே நிறுத்தும் திசையில்தான் போகின்றன. 'தொடர்ந்து நடத்துங்கள்' என்று கட்டளையிடும் உரிமை உள்ளே இருப்பவருக்கு எந்த விதியிலும் இல்லை. காரணம் எளிது. வேதனையில் இருக்கிறார், ராணுவத்தில் சேரப் பலமுறை முயன்று தள்ளப்பட்டவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரிகளும் செனட்டரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நிலையில் ஒருவர் 'நிறுத்து' என்றால் அப்படியே நம்பலாம். 'தொடரு' என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது, எந்த அளவு தாண்டினால் நிறுத்துவது என்பதை முதல் நாளே எழுதி வைப்பது. இதயத்துடிப்பு இவ்வளவு, உடல் வெப்பம் இவ்வளவு, நினைவு தப்பினால் உடனே. அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பவர் சீரத்தைக் கண்டுபிடித்தவராகவோ அதற்குப் பணம் போட்டவராகவோ இருக்கக் கூடாது.

எர்ஸ்கினுக்குப் பாராட்டும் உண்டு. முந்தைய சோதனை ஒருவரைக் கொடூரனாக்கியதை மறைக்காமல் சொல்கிறார். சொன்னது சிகிச்சைக்கு முந்தைய இரவு, அதுதான் இடிக்கிறது. யோசிக்க அவகாசம் எங்கே? மதுபாட்டிலோடு வந்தவர், 'நாளைக்கு உனக்குச் சிகிச்சை, நீ எதுவும் குடிக்கக் கூடாது' என்று நினைவு வந்து நிறுத்துகிறாரே, அந்தத் திட்டத்தில் விதிப்படி நடந்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சூத்திரம் முழுவதும் எர்ஸ்கினின் தலைக்குள் இருந்தது. அவரைச் சுட்டதும் அது போயிற்று. நாளை ஸ்டீவுக்கு ஜுரம் வந்தால் உடம்பில் என்ன ஏறியிருக்கிறது என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. அதை மறுபடி கண்டுபிடிக்கிறோம் என்று கிளம்பியவர்களிடம் மாட்டியவர்கள் எத்தனை பேர்!

கே: அந்த மாட்டியவர்களில் ஒருவர்தானே ஐசையா பிராட்லி?

ப: ஆமாம். 2003-ல் வெளிவந்த காமிக்ஸ் தொடரில், சீரத்தை மீண்டும் உருவாக்குவதற்காக 300 கறுப்பினப் படைவீரர்களிடம் சோதிக்கிறார்கள். நாட்டைக் காக்க என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதற்கு வேர் நிஜத்தில் இருக்கிறது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். நோய் இன்னது என்று சொல்லாமல் 'கெட்ட ரத்தம்' என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதை 'விசேஷ இலவசச் சிகிச்சை' என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். 1940-களில் பென்சிலின் வந்து நோயைக் குணப்படுத்த ஆரம்பித்த பிறகும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதில் வேலை பார்த்தவர்கள் பலரும் தாங்கள் மருத்துவ அறிவுக்குத் தொண்டு செய்வதாகவே நம்பினார்கள். இந்தக் கொடுமை வெளிவந்த பின்னர்தான் 1979-ல் பெல்மாண்ட் அறிக்கை வந்தது. சோதனையின் சுமை ஒரு கூட்டத்துக்கு, பலன் வேறொரு கூட்டத்துக்கு என்று இருக்கக் கூடாது என்பது அதன் மூன்று அடிப்படைகளில் ஒன்று. ஸ்டீவுக்கு விண்ணப்பம், நேர்காணல், தேர்வு எல்லாம் இருந்தது. ஐசையாவுக்கு உத்தரவு மட்டும்.

கே: காமா கதிர் பட்டால் ஹல்க் மாதிரி பச்சையாக மாறாவிட்டாலும் கொஞ்சம் பலமாவது வருமா?

ப: வராது. உடம்பு முழுவதும் சுமார் 4 கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஒரே நேரத்தில் பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோவார்கள்.

1962-ல் வந்த முதல் ஹல்க் கதையில் பார்க்க வேண்டிய இடம் வேறு. காமா குண்டைச் சோதிக்கும் திடலுக்குள் ஒரு பையன் காரோடு நுழைந்துவிடுகிறான். புரூஸ் பேனர் எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லிவிட்டு அவனைக் காப்பாற்ற ஓடுகிறார். உதவியாளர் உளவாளி, நிறுத்தவில்லை. வேலியில் காவல் இல்லை என்பது ஒரு குறை. ஒரே ஆள் மனசு வைத்தால்தான் நிற்கும் என்று குண்டை அமைத்தது அதைவிடப் பெரிய குறை. திடல் காலி என்று பல இடங்களிலிருந்து சமிக்ஞை வந்துகொண்டே இருந்தால் மட்டும் எண்ணிக்கை ஓடவேண்டும். ஒன்று நின்றாலும் தானாக நிற்க வேண்டும்.

கே: டாக்டர் ஆக்டோபஸ் கெட்டவரா, விபத்தில் சிக்கியவரா?

ப: 2004-ல் வந்த படத்தை வைத்துச் சொல்கிறோம். ஆக்டேவியஸ் (டாக்டர் ஆக்டோபஸின் சொந்தப் பெயர்) விபத்தில் சிக்கியவர்தான், ஆனால் அந்த விபத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்தவர் அவரே.

செயற்கை அறிவுள்ள நான்கு கைகளை முதுகெலும்போடு இணைத்துக்கொள்கிறார். கைகள் மூளையை ஆட்டிவைக்காமல் இருக்கப் பின்கழுத்தில் ஒரே ஒரு சிப். செய்முறை விளக்கத்தின்போது பார்வையாளர் ஒருவர் கேட்கிறார்: அந்தக் கைகளுக்கு அவ்வளவு அறிவு இருந்தால் உங்களுக்கே ஆபத்தில்லையா? அற்புதமான கேள்வி. அதை இயந்திரம் வரைபடமாக இருந்தபோதே ஒரு குழு கேட்டிருக்க வேண்டும். இங்கே கேட்பது மாட்டிக்கொண்ட பிறகு, கைதட்டக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவில். பதிலாக அவர் சிப்பைக் காட்டுகிறார், கூட்டம் திருப்தியடைகிறது.

அந்த சிப் கருகினால் கைகள் விடுதலையாகின்றன. வடிவமைப்பே தலைகீழ். சிப்பிலிருந்து 'நலம்' என்ற சமிக்ஞை விடாமல் வரும்வரைதான் கைகளுக்கு மின்சாரம் போகவேண்டும். சிப் செத்தால் கைகளும் தொங்கிவிட வேண்டும். ரயில் எஞ்சினில் ஓட்டுநர் மயங்கினால் பிரேக் தானாகப் பிடிக்கிற அதே ஏற்பாடு.

அணு இணைவு கட்டுமீறிப் பொருட்களை இழுக்க ஆரம்பித்தபின்னும் 'சரியாகிவிடும்' என்று அவர் நிறுத்த மறுக்கிறார். கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து மனைவி இறக்கிறார். பல வருட உழைப்பு, பணம் போட்டவர் எதிரே, மனைவி பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்க, எந்த மனிதருக்கும் பொத்தானை அழுத்தக் கை வராது. அதனால்தான் அந்தப் பொத்தான் அவரிடம் இருந்திருக்கக் கூடாது. (நிஜ இணைவு உலை இப்படி வெறி பிடிக்காது. உள்ளே எரியும் எரிபொருள் மிகச் சொற்பம். நிலை கொஞ்சம் கெட்டாலே அணைந்துவிடும். அணையாமல் வைத்திருப்பதுதான் விஞ்ஞானிகளின் தலைவலி.)

கே: அல்ட்ரான் என்ற செயற்கை அறிவை உருவாக்கும்போது அயர்ன் மேன் டோனி ஸ்டார்க், விவாதிக்க நேரமில்லை என்கிறார். உண்மையிலேயே நேரம் இல்லாவிட்டால்?

ப: நேரமில்லை என்றவர், இயந்திரத்தை ஓடவிட்டு விருந்துக்குப் போனார். இணையத்திலிருந்து துண்டித்த கணினியில் வைத்துவிட்டுப் போயிருந்தாலாவது விருந்து நிம்மதியாக முடிந்திருக்கும்.

கே: 2021-ல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் பீட்டர் பார்க்கர் வேறு உலகங்களிலிருந்து வந்த வில்லன்களைக் குணப்படுத்துகிறான். டாக்டர் ஆக்டோபஸ் வேண்டாம் என்று கத்தியும் சிப்பைப் பொருத்துகிறான். நல்லது செய்வதற்காக ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா?

ப: இந்த இதழுக்கு வந்ததில் மிகக் கடினமான கேள்வி இது. எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒவ்வொரு வில்லனுக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

சிகிச்சையை மறுக்கும் உரிமை, முடிவெடுக்கும் திறன் உள்ளவருக்கு உண்டு. சொல்வது புரிகிறதா, அது தன்னைப் பற்றியது என்று உணர்கிறாரா, காரணங்களை எடைபோட முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்று நான்கு விதமாக அந்தத் திறனைப் பார்ப்பார்கள். ஆக்டோபஸ் விஷயத்தில் கத்துவது அவரா, கைகளா என்பதே சந்தேகம். பீட்டருக்குச் சாதகமாக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: அந்த மாதிரி சிப்பை, புத்தி தெளிவாக இருந்தபோது, ஆக்டேவியஸ் தானே செய்து தன் கழுத்தில் பொருத்திக்கொண்டவர். அவர் முன்பு எடுத்த முடிவைத்தான் பீட்டர் மீட்டுத் தருகிறான். தெளிந்தபின் அவர் நன்றி சொல்வதை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். பிற்பாடு வரும் நன்றி முன்கூட்டி வாங்காத ஒப்புதலுக்கு ஈடாகாது. அப்படி ஒத்துக்கொண்டால் எந்த மருத்துவரும் 'அப்புறம் சந்தோஷப்படுவார்' என்று கத்தியை எடுத்துவிடலாம்.

கிரீன் காப்ளின் ஆகிற நார்மன் ஆஸ்போர்ன் தானே உதவி கேட்டு வருகிறார். அங்கே சிக்கல் குறைவு. மின்சாரத்தை ஆளும் எலெக்ட்ரோ கதை வேறு. அவர் பேச்சு தெளிவாக இருக்கிறது, அந்தச் சக்தி அவருக்குப் பிடித்திருக்கிறது, பாதியில் மனம் மாறிக் கருவியைப் பிடுங்கி எறிகிறார். சிகிச்சையிலிருந்து விலகும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஊருக்கு ஆபத்து என்றால் அடைத்து வைக்கலாம். அடைப்பது பாதுகாப்புக்கு, மாற்றுவது சிகிச்சைக்கு; முதலாவதற்கு இருக்கும் அதிகாரத்தைக் காட்டி இரண்டாவதைச் செய்துவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் எங்களில் ஒருவர் பீட்டர் பக்கம் சாய்கிறார்: அவரவர் உலகத்துக்குத் திருப்பி அனுப்பினால் சாவு நிச்சயம் என்னும்போது இவ்வளவு நுணுக்கம் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்.

நடைமுறைத் தவறில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. ஆபத்தான வில்லன்கள் பலர், மனிதர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரே வீடு, ஒரே பொழுது. ஒருவரை முடித்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரை அழைத்திருக்க வேண்டும். கட்டிடத்தில் இருந்தவர்களை வெளியேற்றியிருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து தொடங்கிய சண்டையில்தான் மே அத்தை உயிரை விடுகிறார்.

கே: நான் சூப்பர் ஹீரோ கதை எழுதுகிறேன். எல்லாம் முறைப்படி நடந்தால் விபத்தே வராதே, அப்புறம் கதைக்கு எங்கே போவது?

ப: லண்டன் சோதனைக்கும் முறையான அனுமதி இருந்தது என்பதை மறக்காதீர்கள். விதிகளை மதித்தும் தவறிப்போகிற சோதனைக்கு வில்லனே தேவையில்லை.

நெறிமுறைக் குழுவை ஒரு காட்சியாகவே எழுதிப் பாருங்கள். குழுவில் விஞ்ஞானிகள் மட்டும் இருக்கக் கூடாது. சட்டம் தெரிந்தவர், அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஆள் ஒருவர் வேண்டும். கூர்மையான கேள்வியை அந்தச் சாதாரண ஆள் வாயில் வையுங்கள். 'இவருக்குப் பறக்க முடிந்து, இறங்கத் தெரியாவிட்டால்?' 'காயம்பட்டால் செலவு யாருடையது, எத்தனை வருடத்துக்கு?' 'ஏற்கெனவே உள்ள சிகிச்சை எதுவும் இல்லையா?' 'ஊசி போடும் நீங்களே இந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கிறீர்களா?'

ஒப்புதல் படிவத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் எழுத வேண்டும் என்பது வழக்கம். படித்துக் காட்டிவிட்டு 'புரிந்ததா' என்று கேட்பது வீண், எல்லோரும் தலையாட்டுவார்கள். 'உங்களுக்கு என்ன செய்யப்போகிறோம், நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். உங்கள் நாயகன் அப்போது 'எனக்குக் குணமாகப் போகிறது' என்று சொன்னால், மருத்துவர் பேனாவை மூடிவிட வேண்டும். அது சோதனை, அதனால் அவனுக்குக் குணமாகும் என்ற உத்தரவாதம் இல்லை. அதை அவன் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை.

மரபணுவிலேயே நுழைந்து தங்கிவிடும் சிகிச்சைகளில் 15 வருடம் வரை தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறார்கள். புற்றுநோய் மாதிரியான விளைவு தாமதமாக வரலாம் என்பதால். சக்தி கிடைத்த ஒருவன், உலகமே கொண்டாடும் நேரத்தில், வருடா வருடம் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து ரத்தம் கொடுப்பானா? ஏழாவது வருடம் வர மறுக்கிறான் என்று வையுங்கள். அதே மருந்து ஏறிய இன்னொரு பெண்ணின் ரத்தத்தில் ஏதோ மாறியிருப்பது மருத்துவருக்குத் தெரிகிறது. அவளுடைய ரகசியத்தை உடைக்காமல் அவனை எச்சரிக்க வேண்டும். அவனிடம் கெஞ்சலாம், வீடு தேடிப் போகலாம்; கட்டிப்போட்டு ஊசி குத்தக் கூடாது. இதில் நான்கு இதழுக்குக் கதை இருக்கிறது.